வெறுஞ் சுவர்களிடையே எழுந்த இசை

ஓவியக் கூடத்திலே பாட்டுக்கும் கூத்துக்கும் கவிதைக்கும் என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு இலண்டன் மாநகரைச் சுட்டிக் காட்டுகின்றோம்.

1939இல் போர் மூண்டது. அந்நகரத்துத் தேசிய ஓவியக் கூடத்தின் அரும்படங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டன. இசையரங்குகளும் இருண்டன. அவ்வேளை, பியானோ வாசிப்பிற் பெயர்பெற்ற மைரா ஹெஸ் அம்மையார், கூடத்தின் தலைவர் கென்னத் கிளார்க்கின் இசைவுடன், ஒக்டோபர் 10ஆம் நாள் அங்கே நண்பகல் இசை நிகழ்ச்சிகளைத் தொடக்கினார். கட்டணம் ஒரேயொரு ஷில்லிங். குண்டுமாரி பொழிந்த காலத்தில் நிலவறையிலே இசை ஒலித்தது. 1946 ஏப்ரில் வரை 1,698 நிகழ்ச்சிகள் நடந்தேறின! 1942 முதல், மாதம் ஓர் ஓவியமும் மீண்டுவந்து மக்கள்முன் நின்றது.

இதனால் நாம் அறிவது யாது? அல்லற் காலத்திலேதான் மக்களுக்குக் கலை பெரிதும் வேண்டப்படுகின்றது. ஆதலின், நம் ஊர்களில் ஓவிய மண்டபம் எழும்போது கவிஞருக்கும் கூத்தருக்கும் அங்கே இடம் வகுப்போம். நுழைவுக் கட்டணமோ, கமக்காரரும் கூசாது கொடுக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அன்றேல், அம்மண்டபம் சிலருக்கே உரிய மாளிகையாகிவிடும்.