பிள்ளைகளோடு உட்கார்ந்து கைவேலை செய்வோம்

(தோட்டச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, படங்கை அவிழ்த்து வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகையால் ரொம்பவும் நீட்டிப் பேசமாட்டேன். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் போசாக்கு, தடுப்பூசி, மலசலகூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது விளையாட்டு மாதிரித் தெரிகிற ஒரு விஷயம். பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டில் கைவேலை செய்வது, அவர்கள் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கும்போது அதைத் தட்டிக்கொடுப்பது. இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"இதுக்கெல்லாம் நமக்கு நேரம் ஏதுங்க?" என்று பின்னால் ஒரு அம்மா கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. காலையில் பெரட்டுக்குப் போகிறவர் சாயந்தரம் வந்து, தண்ணி பிடித்து, விறகு வைத்து, ரொட்டி சுட்டு, துணி துவைத்து, அதற்கு மேல் இதுவுமா? தினமும் செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம், இல்லாவிட்டால் போயா விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் போதும். அதுவும் அம்மா தலையிலேயே விழக்கூடாது. இது முக்கியமாக அப்பாமாருக்குச் சொல்கிற பேச்சு. தவறணைக்குப் போகிற பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வீட்டுக்கு வந்தால் போதும், நேரம் கிடைத்துவிடும். சிரிக்கிறீர்கள். யாருக்குச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

நான் இதை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன் என்றால், நமது பிள்ளைகள் மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வரும்போது வீட்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து கேட்கும். "எனக்கு என்னா தெரியும், போய் டீச்சர்கிட்ட கேளு" என்று அம்மா சொல்லும். அப்பாவும் அதையேதான் சொல்வார். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வினாத்தாளைக் கண்டால் ஓ.எல். படித்தவர்களே திணறுகிறார்கள், உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதையே நூறு தடவை கேட்டபின் பிள்ளை மனதில் ஒரு முடிவு எடுத்துவிடுகிறது. 'எங்க அம்மா அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது.' அந்த முடிவு ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு பதினாலு பதினைந்து வயதில் நீங்கள் எந்த நல்ல புத்தி சொன்னாலும் அது ஏறாது. படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகாதே என்று சொல்லும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் அல்லவா?

கைவேலையில் கதை வேறு. அங்கே தெரியாதவர் டீச்சர்தான், தெரிந்தவர் நீங்கள். மூங்கிலைச் சிம்பாகக் கிழிக்க உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொழுந்துக்கூடையை விரித்துப் பின்னி மூடி முடிக்கத் தெரிந்த தாத்தாமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இப்போது நைலோன் பையில் கொழுந்து போடுகிறோம், அந்த வித்தை அவர்களோடு போய்விடப் பார்க்கிறது. மாசி மாதம் காமன் கூத்துக்குக் கிரீடம், புஜகிரீடம் எல்லாம் கட்டையிலும் அட்டையிலும் செய்து பளபளப்புத் தாள் ஒட்டியவர்கள் யார்? ஓவியக் கல்லூரிக்குப் போனவர்களா? நம்ம லயத்து ஆட்கள்தானே! கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்திலே ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி, நமது முன்னோர் பாவித்த சாமான்களை வைத்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிக்குள் வைக்கிற அளவுக்கு மதிப்பு உள்ளதை நாம் வீட்டில் பிள்ளைக்குக் காட்டாமல் இருக்கிறோம்.

மேற்பிரிவில் ஒரு தகப்பன். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய மகனுக்குப் பாடசாலையில் வெசாக் கூடு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். வெசாக் கூட்டில் ஒரு வகை இருக்கிறது. ஒரே அளவான இருபத்துநாலு சிம்பு வேண்டும். நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரம். அந்த ஆறு சதுரத்தையும் மூலைக்கு மூலை கட்டி உருண்டையாக வளைத்துக்கொண்டு வந்தால், சதுரங்களுக்கு நடுவே எட்டு முக்கோணம் தானாகவே விழும். பையன் கண்ணால் பார்த்துப் பார்த்தே சிம்பை நறுக்கினான். கட்டி முடித்தபோது கூடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. பையன் அழுதுவிட்டான். தகப்பன் திட்டவில்லை. ஒரு சிம்பை மட்டும் எடுத்து, "இதுதான் அளவுக்குச்சி. மத்த எல்லாத்தையும் இதுமேல வச்சு நறுக்கு. புதுசா நறுக்கினதுமேல வைக்காதே, இதுமேலயே வை" என்றார். நறுக்கினதின்மேல் நறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக அளவு விலகிப் போகும். கூரை வேலை செய்த அனுபவத்தில் அவருக்கு அது தெரியும். இரண்டாம் முறை கூடு நேராக நின்றது. மறுநாள் அந்தப் பையன் என்னிடம் சொன்னது, "சேர், எங்கப்பாவுக்குக் கணக்குத் தெரியும்."

கூட்டைப் பற்றிச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. மெல்லிய கலர்த்தாள் ஒட்டிய கூட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி இஸ்தோப்பில் தொங்கவிடாதீர்கள். லயத்தில் ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றரியில் எரிகிற சின்ன பல்ப் போதும்.

சாமான் வாங்கக் காசு வேண்டுமே என்பீர்கள். வேண்டாம். கடையில் வாங்கி ஒட்டுகிற கைவேலை எனக்குப் பிடிப்பதும் இல்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கொப்பி விலை எங்கே ஏறியது என்று பார்த்தோமே. பழைய கலண்டரின் பின்பக்கம் வெள்ளைத்தாள்தான். பால்மா பெட்டி அட்டை, நெருப்புப்பெட்டி, சிரட்டை, பழைய சேலைத்துண்டு, அறுந்த செருப்பு, எல்லாமே சாமான்தான். செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு செய்து லொறி ஓட்டாத பையன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான்? நெருப்புப்பெட்டிகளை நூலில் கோர்த்தால் பதுளைக்குப் போகிற ரயில்.

பசைக்குக் கோதுமை மா போதும். மாவைப் பச்சைத் தண்ணியில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, அதைக் கொதிக்கிற தண்ணியில் ஊற்றிக் கிண்ட வேண்டும். நேரே சுடுதண்ணியில் மாவைப் போட்டால் கட்டி தட்டும். வெளுப்பு மாறிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்குங்க. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகச் செய்தால் போதும். பூச்சி வராமல் இருக்கத் துத்தம் கலக்கிற பழக்கம் உண்டு. பிள்ளைகள் தொடுகிற பசையில் அது வேண்டாம், விஷம்.

வர்ணம் இன்னும் சுலபம். பீட்ரூட் தோலை அவித்த தண்ணி, அடுப்புக்கரி, மஞ்சள். பாட்டிமாரின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருக்கும். மஞ்சள் தண்ணியில் அதைக் கொஞ்சம் போட்டால் சிவந்துவிடும். நாம் ஆலாத்தி கரைக்கிறோமே, அதேதான். அதைப் பிள்ளை முன்னால் செய்து காட்டுங்க, கண் விரிந்துபோகும். ஆனால் சுண்ணாம்பைப் பாட்டியே போடட்டும், பிள்ளையின் கண்ணில் பட்டால் ஆபத்து. நமது தேயிலைச் சாயம் நல்ல மண்நிறம். அதில் துருப்பிடித்த ஆணி இரண்டை ஒரு இரவு ஊறப்போட்டால் காலையில் கறுத்து மை மாதிரி ஆகிவிடும். இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்தக் கறுப்பில் கோழி இறகால் எழுதலாம். நாள் முழுக்கப் பறிக்கிற இலையில் இப்படி ஒரு சங்கதி இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது.

களிமண் வேண்டுமானால் ஆற்றோரத்தில் பாருங்க. கயிறு மாதிரி உருட்டி விரலில் சுற்றும்போது வெடிக்காவிட்டால் நல்ல மண். செய்த பொம்மையை வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாகக் காயவிடுங்க, இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

எதைத் தொடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். களைநாசினி, பூச்சிநாசினி வந்த கான், போத்தல் எதுவாக இருந்தாலும் விளையாட்டுக்கு எடுக்கவே கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் சரி. குண்டுமணி பார்க்க அழகுதான், கடித்தால் உயிருக்கு ஆபத்து. பொத்தான், மணி போன்ற சின்னச் சாமான்களை மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீங்க. கவ்வாத்துக் கத்தி பெரியவர்கள் கையில் மட்டும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் கஷ்டமான பகுதி. ஏனென்றால் இதில் நாம் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதுதான் அதிகம்.

பிள்ளை ஒரு மாட்டுக்கு நீல நிறம் தீட்டினால், "மாடு நீலமாவா இருக்கும்?" என்று கேட்காதீங்க. மாடு என்ன நிறம் என்று அதற்கும் தெரியும். "இந்த மாட்டைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்க. ஒரு பெரிய கதை வரும். அந்தக் கதையில் உங்களுக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் இருக்கும். யார் அடித்தார்கள், எதற்குப் பயம், யார் வரவில்லை, எல்லாம் அதில் வந்துவிடும். அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பாட்டிமார் இதைக் கவனியுங்க. அப்படிப்பட்ட ஒரு சின்னவள் இங்கே வீடு வரையும்போதெல்லாம் வாசலில் ஒரு சப்பாத்துச் சோடி வரைவாள். கேட்டால், "அம்மா வந்துட்டாங்க, உள்ள இருக்காங்க" என்பாள். அந்தப் படத்தைப் போனில் எடுத்துத் தாய்க்கு அனுப்பச் சொன்னோம். கடிதம் எழுதத் தெரியாத வயதில் அதுதான் கடிதம்.

அடுத்தது, பிள்ளையின் வேலையை நீங்கள் செய்து கொடுக்காதீங்க. புள்ளி கிடைக்க வேண்டும் என்று இரவு முழுக்க அம்மா உட்கார்ந்து அழகாகச் செய்து கொடுத்து, பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு மட்டும் போவதை நான் பார்க்கிறேன். டீச்சருக்கும் அது தெரியும். வெட்டக் கஷ்டமானதை வெட்டிக் கொடுங்க, முடிச்சுப் போடக் காட்டிக் கொடுங்க, பிறகு கையை எடுத்துவிடுங்க. கோணலாக இருந்தாலும் அது பிள்ளையுடையது. பக்கத்துக் காம்பிராப் பிள்ளை செய்ததோடு ஒப்பிடவும் வேண்டாம். தம்பி லொறி செய்யட்டும், தங்கச்சி பூ செய்யட்டும் என்று பிரித்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்க. லொறி செய்ய ஆசைப்படுகிற பெண்பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

செய்ததைக் குப்பையில் போடாதீர்கள். லயத்துச் சுவர் ஈரம் குடிக்கும், ஒட்டினால் நிற்காது. ஒரு கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் மாட்டுங்க. புதியது வரும்போது எதைக் கழற்றுவது என்று பிள்ளையே சொல்லட்டும்.

போனைப் பற்றியும் கேட்பீர்கள். 2020, 2021இல் பாடசாலை மூடிக்கிடந்தபோது சிக்னல் தேடி நமது பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். அந்தக் காலத்தில் வாங்கிய போன் இன்றைக்குக் கையைவிட்டுப் போவதில்லை. அதைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். கையில் மூங்கில் சிம்பும் நூலும் இருந்தால், அப்பாவும் பக்கத்தில் இருந்தால், அந்த ஒரு மணி நேரம் அது தானாகவே ஓரமாகக் கிடக்கும். அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வருகிற போயா தினம் காலை பத்து மணிக்கு இதே மடுவத்தில் கூடுவோம். மூங்கிலுக்குத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். கூடை பின்னத் தெரிந்த இரண்டு தாத்தாமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பசை நான் காய்ச்சிக்கொண்டு வருகிறேன். நீங்கள் பழைய கலண்டர், நெருப்புப்பெட்டி, கிழிந்த சேலைத்துண்டு, இருந்தால் ஒரு கத்தரிக்கோல் கொண்டுவாங்க. போட்டி இல்லை, பரிசும் இல்லை. பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். அப்பா, அம்மா, பாட்டி, யாராவது ஒருவர் கூட வந்து பாயில் உட்கார வேண்டும். தேத்தண்ணி உண்டு.