குளத்துச் சிப்பியின் கொழுப்பு

கீழ்வேளூரைச் சுற்றியுள்ள குளங்களிலும் வாய்க்கால்களிலும் கோடையில் நீர் வற்றுங்கால், சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் சிப்பிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். மட்டி என்றும் சொல்லுவதுண்டு. இவ்வினத்துள் ஒன்றனுக்கு உயிர்நூலார் இட்ட பெயர் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்பது. ஏழை எளிய மக்கள் நத்தையைப் போலவே இதனையும் பொறுக்கிச் சென்று சமைத்து உண்பர். அவ்வுணவை இழிவாகப் பேசுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் இச்சிப்பியின் கொழுப்பைப் பற்றி இரசாயன நூல் கூறுவதைச் சற்றே செவிமடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கொழுப்பு என்றவுடன் நெய்யை எண்ணிவிடாதீர்கள். சிப்பியின் சதையில் பெரும்பகுதி நீரே. நூறு பங்கில் கொழுப்பு ஓரிரு பங்குதான் இருக்கும். ஆயினும் அச்சிறு அளவில் அடங்கிய சரக்கு பெரிது. கொழுப்பின் உறுப்புகளாகிய கொழுப்பமிலங்கள், கார்பன் அணுக்கள் சங்கிலிபோல் கோத்தமைந்தவை. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லையாயின் நிறைவுற்றவை என்றும், இருப்பின் நிறைவுறாதவை என்றும் அவற்றைப் பிரிப்பர். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பை அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு அளித்துப் பார்த்தனர். எலிகளின் தோல் செதில்செதிலாயிற்று, வளர்ச்சி குன்றிற்று. நிறைவுறாத கொழுப்பமிலங்களுட் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, உணவின் வழியே பெறவேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று.

நம் சிப்பியில் பனையெண்ணெயிலும் உள்ள பால்மிட்டிக் அமிலம் உண்டு. அதனோடு இருபது கார்பன் கொண்ட ஐகோசபென்டனோயிக் அமிலமும் அரகிடோனிக் அமிலமும் உண்டு. முன்னது ஒமேகா மூன்று வகை. பின்னது ஒமேகா ஆறு வகை. அரகிடோனிக் என்ற பெயரின் மூலம் நிலக்கடலையின் இலத்தீன் பெயர். ஆனால் நிலக்கடலை எண்ணெயில் அந்த அமிலம் கிடையாது! பெயரை நம்பிப் பொருளை முடிவு செய்யலாகாது என்று வகுப்பில் நான் சொல்லுவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாக இருந்தது. கடற்சிப்பியில் ஒமேகா மூன்று வகை மிகுந்திருக்கும். நன்னீர்ச் சிப்பியிலோ ஒமேகா ஆறு வகையின் பங்கு அதனினும் கூடுதலாகக் காணப்படும்.

இவ்வேறுபாடு ஏன்? சிப்பி இரை தேடி அலைவதில்லை. நீரை உள்ளிழுத்துச் செவுள்களால் வடிகட்டி, அகப்பட்ட நுண்ணுயிர்களையே உண்கிறது. ஒரு கண்ணாடிச் சாடியில் கலங்கிய குளத்து நீரை ஊற்றி, உயிருள்ள சிப்பி ஒன்றை இட்டு வையுங்கள். பக்கத்தில் சிப்பியில்லாத சாடி ஒன்றும் இருக்கட்டும். சில மணி நேரத்தில் எது முந்தித் தெளிகிறது என்று நீங்களே காணலாம். அவ்வாறு வடித்து உண்டதன் அடையாளம் கொழுப்பில் தங்குகிறது. டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசி மிகுந்த நீராயின் ஐகோசபென்டனோயிக் அமிலம் மிகும். பச்சைப் பாசி லினோலெனிக் அமிலத்தைத் தரும். பாக்டீரியாக்கள், ஒற்றைப்படைக் கார்பன் எண்ணும் கிளைத்த சங்கிலியும் உடைய அமிலங்களை விட்டுச் செல்லும். வயலுரமும் சாக்கடையும் கலந்து நீலப்பச்சைப் பாசி படர்ந்துவிட்டால், அப்பாசியில் ஐகோசபென்டனோயிக் அமிலம் இன்மையால் சிப்பியின் உணவு தரம் தாழ்கிறது. ஆகவே சிப்பியின் கொழுப்பைப் பகுத்தாராயும் வல்லுநருக்குக் குளத்தின் நிலையும் ஓரளவு புலப்படும். இப்பகுப்பாய்வுக்கு வழி திறந்தது 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் ஆங்கில அறிஞர்கள் வகுத்த முறை. அமிலங்களை ஆவியாக்கி, வாயுவோடு நீண்ட குழாயிற் செலுத்தி ஒவ்வொன்றாகப் பிரித்தல் அது.

உணவிலிருந்து பெறாமல் சிப்பி தானே ஆக்கிக்கொள்ளும் அமிலங்களும் சில உள. பொதுவாக இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு கார்பன்தான் நிற்கும். இவற்றிலோ இடைவெளி அகன்றது. மெல்லுடலிகளுக்கு இவை சிறப்பாக உரியவை. உயிரணுவின் சவ்வு எளிதிற் கெடாமல் இவை காக்கின்றன என்று கருதுவர்.

இனி, உண்பவருக்கு ஒரு சொல். நல்ல அமிலங்களைச் சேர்த்து வைக்கும் அதே கொழுப்பு, கொழுப்பிற் கரையும் நஞ்சையும் சேர்த்து வைக்கும். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான் அத்தகைய பூச்சிமருந்து. காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் சிப்பியின் சதையிற் சேரும். கொதிக்க வைத்தாலும் அவை அகலா. ஆதலால் மருந்து தெளித்த வயலின் வடிநீரும் ஆலைக் கழிவும் வந்து விழும் குளத்தில் சிப்பி பொறுக்குவோரைக் கண்டால், இன்ன குளம் வேண்டாம் என்று காரணத்தோடு எடுத்துரையுங்கள். அவர்கள் உண்ணும் உணவைப் பழிக்காதீர்கள்.