வீட்டுக்கு வந்த பிறகு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



யாயிரின் மகள் உயிர்பெற்ற நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். 12 வயதுச் சிறுமி. வீடு முழுக்க அழுகையும் ஓலமும். இயேசு உள்ளே போய் அவள் கையைப் பிடிக்கிறார்; பிள்ளை எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள். அப்போது இயேசு அந்த வீட்டாரிடம் ஒரு வேலை சொல்கிறார்: பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்கிறார். மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரம் அதோடுதான் முடிகிறது. மற்றவர்கள் அதிசயத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்குப் பசிக்குமே என்று அவர் ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குணமாக்குவது ஒருவருடைய வேலை. குணமானவரைக் கவனிப்பது வீட்டாருடைய வேலை. நம் வீடுகளில் இந்த இரண்டாவது வேலை சரியாக நடக்கிறதா?

பித்தப்பை அறுவைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். வீடு சந்திக்கப் போகும்போது அடிக்கடி காதில் விழுவது இது. பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே படுக்கையில் இருக்க வேண்டியவர் பெரும்பாலும் அந்த வீட்டின் அம்மாதான்.

இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் கார்ல் லாங்கன்பூக் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1882இல், பெர்லின் நகரில். அன்று முதல் ஒரு நூறு ஆண்டுக்கு மேலாக வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் செய்தார்கள். அப்படிச் செய்துகொண்ட பாட்டிமாரின் தழும்பை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1985இல் எரிக் மூஹே என்ற இன்னொரு ஜெர்மானியர் சிறு துளைகள் வழியாகக் கருவியைச் செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். இன்று பெரும்பாலும் இதுதான் வழக்கம். நான்கு சிறு துளைகள். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய முன்னேற்றம், சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தழும்பே வீட்டாருக்குப் பயம் காட்டியது. இப்போது வெளியே பார்த்தால் நான்கு பிளாஸ்திரிதான். "சும்மா சின்ன ஆபரேஷன்தானே" என்கிறோம். உள்ளே எடுத்தது அதே உறுப்பைத்தான். அதற்குப் போகும் இரத்தக் குழாயையும் பித்தக் குழாயையும் அடைத்து வெட்டியிருக்கிறார்கள். தோல் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே ஆற நாள் பிடிக்கும். மூன்றாம் நாள் அம்மா அடுப்படியில் நிற்பதைப் பார்த்து, "பரவாயில்லையே, எழுந்துவிட்டார்களே" என்று வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள். அவர்களாக எழுந்தார்களா, வேறு ஆள் இல்லையென்று எழுந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் பேதுருவின் மாமியார் வருவார். காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்தாரே, அதுபோல நாமும் எழ வேண்டாமா என்று ஒரு தாய் கேட்டார். உண்மையான பக்தியோடுதான் கேட்டார். அம்மா, அங்கே நடந்தது புதுமை. ஆண்டவர் தொட்ட நொடியில் காய்ச்சல் போயிற்று, பலமும் வந்தது. மருத்துவர் கையால் வரும் குணமும் கடவுளின் கொடைதான். ஆனால் அது படிப்படியாக வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கி, ஓய்வெடுப்பதைக் குற்றமாக்கிக்கொள்ள வேண்டாம். சும்மா படுத்திருந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை.

அதற்காக நாள் முழுவதும் கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்பதல்ல. வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும்; மருத்துவர்களே அதை வற்புறுத்துகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கவும் குடல் மறுபடி இயங்கவும் அது உதவும். சிலருக்கு வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலிக்கும். மாரடைப்போ என்று பயந்துவிடுவார்கள். துளை வழியாகச் செய்யும்போது இடம் தெரிவதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரியும். சில நாளில் குறைந்துவிடும். ஆனால் நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ அதை வாயு என்று விட்டுவிடக்கூடாது. இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும்.

பாரம் தூக்குவது மட்டும் கூடவே கூடாது. தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், இடுப்பில் ஏறத் துடிக்கும் பேரப்பிள்ளை, எல்லாம் பாரம்தான். மருத்துவர் எத்தனை வாரம் சொன்னாரோ அத்தனை வாரம். அப்பாமார்களே, தம்பிமார்களே, குடத்தைத் தூக்க உங்களுக்குக் கை இருக்கிறது. அம்மா கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பித்தப்பை போனால் பித்தமே இருக்காது, இனி எதுவும் சீரணமாகாது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பித்தநீரை உண்டாக்குவது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் தொட்டி, அவ்வளவுதான். தொட்டியை எடுத்துவிட்டால் தண்ணீர் குழாயில் நேராகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். அதனால்தான் முதலில் எண்ணெயும் கொழுப்பும் குறைவாக, சிறிது சிறிதாகப் பலமுறை சாப்பிடச் சொல்கிறார்கள். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், வேகவைத்த காய் போதும். கெட்டித் தேங்காய்ப்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். சிலருக்கு வயிறு இளகிப்போகும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆயுள் முழுக்கப் பத்தியம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டு வருகிறீர்கள், நல்லது. ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பாட்டிலில் போட்டுக் கொடுத்த கல்லை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி, காப்பியும் எதிர்பார்க்கிறீர்களே! அந்தக் காப்பியை யார் போடுவது? வரும்போது ஒரு தூக்கில் ரசம் கொண்டு வாருங்கள். பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டுப் போங்கள். நல்ல சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோய்க் கவனித்தார். மறுநாள் இரண்டு தெனாரியத்தையும் கொடுத்தார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். காயம் ஆற நாளாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சில அடையாளங்களைக் கண்டால் செபித்துக்கொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்துப்போவது, வயிற்றுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, ஓயாத வாந்தி, காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குவது. இதில் எது வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்று அம்மா வலியை மறைப்பார்கள். ஆகவே நீங்கள்தான் அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கோவிலுக்கு வர முடியவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு. நோயுற்றவரையும், அவரை விட்டு வரமுடியாமல் பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் ஞாயிறு திருப்பலிக் கடன் கட்டுப்படுத்துவதில்லை. பங்கு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டு வருவோம். மாத்திரைக்காக அப்போதுதான் கஞ்சி குடித்தேனே என்று தயங்க வேண்டாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து திருச்சபைச் சட்டம் 919 நோயாளிகளுக்கு விலக்குத் தருகிறது. அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அதே விலக்கு உண்டு. ஆகவே அன்று காலையில் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, தானும் ஒரு வாய் குடித்த மகனோ கணவரோ இருந்தால், அவரும் பக்கத்தில் வந்து உட்காரட்டும். நாங்கள் இருவருக்கும் கொண்டு வருவோம்.