பெயிண்ட் அடிக்கும் முன் சுரண்டிப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னார். எனக்கு முன்னால் பேசிய நண்பர் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அருமையாகப் பேசிவிட்டார். நான் பேசப் போவதோ ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஒரு பெயிண்ட் கன்னைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நாலு வருஷம் இங்கே படித்தும் எனக்கு ஏறாத ஒரு பாடம் அந்தக் கன்னால்தான் ஏறியது.

எங்கள் தோட்டம் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னையும் மாவும்தான். பழைய டிராக்டர் ஒன்று, ஒன்பது கொழுக் கலப்பை ஒன்று, சேற்றுழவுக்கான கேஜ் வீல் ஒரு ஜோடி, தேங்காய் ஏற்றும் டிரெய்லர் ஒன்று. எல்லாம் என் வயதை ஒட்டியவை. 2022-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது, இவற்றுக்கெல்லாம் நானே பெயிண்ட் அடித்து அப்பாவை அசத்திவிட வேண்டும் என்று தோன்றியது. மேல் கப் வைத்த சாதாரண கன் ஒன்று வாங்கினேன். தெரிந்தவரிடம் 1 குதிரைத்திறன் கம்ப்ரஸர் இரவல் கிடைத்தது. மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆயிற்றே, இதெல்லாம் ஒரு வேலையா?

முதலில் கலப்பை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன், உப்புத்தாள் போட்டேன், அடித்தேன். சாயங்காலம் பார்த்தால் சில இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கிறது. சில இடத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. இன்னொரு பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி பழைய பெயிண்டே சுருண்டு எழுந்துவிட்டது. "மலிவு கன் வாங்கினா இப்படித்தான்" என்று கன்னைத் திட்டினேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. கன்னை எடுத்துட்டுப் போய்க் காட்டு" என்றார். பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி கன்னில் கொஞ்சம் பெயிண்டை ஊற்றி, சுவரில் மாட்டிய பழைய தினத்தாளில் ஒரு இழு இழுத்தார். விசிறி விரித்தாற்போல் சீராக விழுந்தது. "கன்னுல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நீங்க என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றார். அரை மணி நேர விசாரணை நடந்தது. என் குற்றப் பட்டியல் இதுதான்.

ஒன்று, கிரீஸை எடுக்காமல் உப்புத்தாள் போட்டது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது போகாது, கீறலுக்குள் புகுந்து உட்காரும். முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுப் பிசுக்கைக் கரைக்க வேண்டும். பிறகு அந்த எண்ணெயும் போக வாஷிங் சோடா கரைத்த வெந்நீர். நன்றாகக் காய்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

இரண்டு, கண்ட தின்னரைக் கலந்தது. கார் பெயிண்டுக்கான என்.சி. தின்னர் மிகவும் வீரியமானது. பழைய எனாமலின் மேல் பட்டால் அதைக் கிளப்பிவிடும். எந்தப் பெயிண்டோ அதற்கு உரிய தின்னர்தான் சேர்க்க வேண்டும்.

மூன்று, பதம். நம் ஆய்வகத்தில் ஃபோர்டு கப் பி-4 என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். கீழே 4 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள சிறு குவளை. அது காலியாக 20 முதல் 25 விநாடி ஆனால் கன்னுக்கு ஏற்ற பதம். அண்ணாச்சி குச்சியை முக்கி எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார். கலந்த பெயிண்டை வடிகட்ட அவர் வைத்திருப்பது நம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி. நாலாக மடித்தால் அதைவிட நல்ல வடிகட்டி வேண்டாம்.

நான்கு, காற்று. 1 குதிரைத்திறன் கம்ப்ரஸர் நிமிஷத்துக்குச் சுமார் 4 கன அடி காற்றுதான் தரும். கன் அதற்கு மேல் கேட்கும். விடாமல் அடித்தால் அழுத்தம் இறங்கி, பெயிண்ட் பொடியாகச் சிதறாமல் சொட்டாக விழும். அதுதான் நான் கண்ட ஆரஞ்சுத் தோல். கொஞ்சம் அடித்து, முள் ஏறும்வரை காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். கன்னருகே 30 முதல் 40 பவுண்டு அழுத்தம் போதும். ஐப்பசி ஈரத்தில் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். தினமும் திறந்து வடிக்காவிட்டால் அதுவும் பெயிண்டோடு வரும்.

ஐந்து, கை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம். மணிக்கட்டை வளைக்காமல் முழங்கையோடு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். "கன்னு காசு கம்மிதான் தம்பி. ஆனா கைதான் அவசரப்படுது" என்றார் அண்ணாச்சி.

ஆறாவது குற்றம்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன். துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. சாதாரண கன்னில் நாம் ஊற்றும் பெயிண்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பில் ஒட்டுகிறது, மீதி காற்றில் போகிறது. போகும் வழியில் நம் நுரையீரலும் இருக்கிறது. கரிமூட்டிய கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி அவசியம். ஹார்டனர் கலக்கும் பி.யு. பெயிண்ட் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போதும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே பழைய கருவியின் மேல் இருக்கும் சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேயுங்கள். உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் டெவில்பிஸ் என்ற டாக்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு சிறு கருவி செய்தார். அவருடைய மகன் 1907-இல் அதே தத்துவத்தில் பெயிண்ட் கன் செய்தார். தொண்டையைக் காப்பாற்ற வந்த கருவியின் வாரிசை வைத்து நான் என் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் இத்தோடு முடிந்திருந்தால் இந்த மேடைக்கு அதைக் கொண்டுவந்திருக்க மாட்டேன். கிளம்பும்போது, "அடுத்து என்ன அடிக்கப் போறீங்க?" என்றார். "டிரெய்லர். பூஜைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. மேலாப்பல ஒரு கோட் அடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "பலகை, பாடிய எப்படி வேணும்னாலும் அடிங்க. டிராக்டர்ல மாட்டுற கொண்டிய மட்டும் இரும்பு தெரியச் சுரண்டிட்டு அடிங்க. பெயிண்ட் அடிச்ச பொறவு ஒண்ணும் தெரியாது."

அரைமனதோடுதான் சுரண்டினேன். மேலே சிவப்பு, அதன் கீழே நீலம், அதன் கீழே மறுபடி சிவப்பு. பொங்கலுக்குப் பொங்கல் அப்பா பிரஷ்ஷில் பூசியவை. வயர் பிரஷ் இரும்பைத் தொட்டபோது, கொண்டியின் வெல்டு ஓரத்தில் தலைமுடி போல ஒரு துருக்கோடு தெரிந்தது. கீறலா, விரிசலா? நீராவி எஞ்சின் காலத்தில் ரயில்வே பட்டறைகளில் செய்த சோதனை ஒன்று வகுப்பில் கேட்ட ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். பத்து நிமிஷத்தில் வெள்ளைப் பொடியின் நடுவே ஈரமாக ஒரு கறுப்புக் கோடு எழுந்து வந்தது. உள்ளே போயிருந்த மண்ணெண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. நாலு சென்டிமீட்டர் விரிசல்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த டிரெய்லரில் தேங்காய் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து எட்டுப் பெண்கள் வேலை முடிந்து வீடு திரும்பினார்கள். டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாதுதான். ஆனால் நம் ஊரில் நடப்பது நமக்குத் தெரியும். சரிவில் இறங்கும்போது அந்தக் கொண்டி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா குனிந்து அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். "நாந்தாம்ப்பா வருசா வருசம் பூசி மூடியிருக்கேன்" என்றார். "இல்லப்பா, நானும் இன்னைக்கு அதைத்தான் செய்ய இருந்தேன்" என்று சொன்னேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

மறுநாள் பட்டறையில் விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு நிறுத்தி, பள்ளமாக அரைத்து, வெல்டு செய்து, மேலே ஒரு பட்டையும் வைத்துக் கொடுத்தார்கள். மறுபடி மண்ணெண்ணெய், சாக்பீஸ். கோடு வரவில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு எங்கள் டிரெய்லர் பளபளப்பு இல்லாமல் ரெட் ஆக்சைடு பிரைமரோடுதான் நின்றது. அப்பா அதற்குத்தான் முதலில் சந்தனம் வைத்தார். மேல் பெயிண்டை தை மாதம் அடித்தேன். அதே கன்தான். நன்றாகவே வந்தது. ஆட்களை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம், ஆட்டோ வைத்துவிட்டோம்.

நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். துணியும் தோரணமும் கட்டிய பிறகு யாரும் அச்சைத் தட்டிப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். நம்மில் பலர் இன்று தொழிற்சாலைகளில் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். "ஆடிட் வருது, ஒரு கோட் அடிச்சிருங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. சுரண்டிப் பார்த்தாச்சா என்று முதலில் கேட்கிறேன்.

ஊரில் உங்கள் வீட்டிலும் பழைய கலப்பையோ டிரெய்லரோ இருக்கும். அடுத்த முறை போகும்போது ஒரு வயர் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ரெண்டு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். பெயிண்ட் கன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.