பெயர் ஒன்று, ஆள் வேறு



ஒரு ஊரில் எத்தனை லட்சுமி இருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள். கிழக்குத் தெருவில் ஒரு லட்சுமி. மேலத் தெருவில் ஒரு லட்சுமி. டீக்கடை லட்சுமி. தையல்கார லட்சுமி. ஊருக்குள் இப்படி அடையாளம் சொல்லிப் பிரித்துவிடுகிறார்கள். அதனால் குழப்பம் இல்லை.

ஊரைத் தாண்டினால் என்ன ஆகும்? அங்கே டீக்கடையும் தெரியாது, தையல் கடையும் தெரியாது. பெயர் மட்டும்தான் இருக்கும். ஒருவருடைய கடிதம் இன்னொருவர் கைக்குப் போகலாம். ஒருவருடைய பழி இன்னொருவர் தலையில் விழலாம்.

இந்தியா பெரிய நாடு. பெயர் வைக்கும் வழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறார்கள். ஆந்திராவில் வீட்டுப் பெயரை முன்னால் போடுகிறார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தகப்பனார் பெயர் நடுவில் வருகிறது. பஞ்சாபில் சீக்கியர்களிடையே குர்பிரீத் என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆண் என்றால் பின்னால் சிங் வரும். பெண் என்றால் கௌர் வரும்.

இத்தனை வழக்கங்கள் இருந்தும் ஒரே பெயர் பலருக்கு வந்துவிடுகிறது. தேர்தலில்கூட இப்படி நடப்பது உண்டு. ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் நின்றால் என்ன செய்வது? 1961-ஆம் ஆண்டின் தேர்தல் விதிகள் அதற்கு வழி சொல்கின்றன. பெயரோடு தொழிலையோ ஊரையோ சேர்த்து அச்சிட வேண்டும். 2015-ஆம் ஆண்டு முதல் வேட்பாளரின் படமும் சேர்ந்து வருகிறது.

ஓட்டுப் போடும் இடத்தில் இவ்வளவு கவனம் தேவை என்றால், உயிரை ஒப்படைக்கும் இடத்தில் எவ்வளவு கவனம் தேவை? டாக்டரிடம் போகும்போது பெயரை மட்டும் பார்த்தால் போதுமா?

இதற்கு ஒரு கதை சொன்னால் எளிதாக விளங்கும். இது கற்பனைக் கதைதான். கதையில் வரும் ரமேஷ் குமார் என்ற பெயர் உதாரணத்துக்காக வைத்த பெயர்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு தாய். செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றாள். ஒரு நாள் அவளுடைய பேரனுக்குக் காய்ச்சல். சந்தைத் தெருவில் ஒரு வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் பெயர்ப் பலகை. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "டாக்டர் ரமேஷ் குமார்" என்று இருந்தது.

டாக்டர் ஊசி போட்டார். பணம் வாங்கினார். சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் போனாள். மறுபடியும் ஊசி. வந்தவர்கள் எல்லோருக்கும் அதே ஊசிதான். அவளுக்கு மனதில் உறுத்தியது. மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, சீட்டில் உங்கள் பதிவு எண் இல்லையே?" என்று கேட்டாள்.

"அது உனக்கு எதற்கு அம்மா? குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது. போய் வா" என்றார் கம்பவுண்டர்.

"சீட்டில் எண் இருக்க வேண்டும் என்று படிப்பு மையத்தில் சொன்னார்கள் ஐயா. எழுதிக் கொடுங்கள்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. நகரவும் இல்லை. டாக்டர் முகத்தைச் சுளித்தார். சீட்டின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அவள் கேட்டது சரியா? சரிதான். 2002-ஆம் ஆண்டில் டாக்டர்களின் நடத்தைக்கு விதிகள் வந்தன. பதிவு எண்ணை வைத்தியசாலையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும். ஆகவே எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. அது நோயாளியின் உரிமை.

பதிவு எண் என்றால் என்ன? டாக்டர் படிப்பு முடித்தவுடன் யாரும் தானாகத் தொழில் செய்துவிட முடியாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கவுன்சில் பட்டத்தைச் சரிபார்க்கும். பிறகு பதிவேட்டில் பெயரை ஏற்றி, ஓர் எண் கொடுக்கும்.

இந்தப் பதிவேடு நேற்று வந்தது இல்லை. இங்கிலாந்தில் 1858-இல் இதற்குச் சட்டம் வந்தது. இந்தியாவில் பம்பாய் மாகாணத்தில் 1912-இல் வந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் 1914-இல் வந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேட்டை வைத்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் அதைப் பராமரித்தது. 2020-இல் அந்தக் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பதிவேட்டை மக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது ரகசிய ஏடு அல்ல. பொது ஏடு.

இனிக் கதைக்கு வருவோம். அந்தத் தாயின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இருவரும் உட்கார்ந்து மகளின் கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்தார்கள். முதலில் மகள் பெயரை மட்டும் போட்டுத் தேடினாள். ஒரு ரமேஷ் குமாரா வந்தார்? வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். மாநிலம் வேறு, ஆண்டு வேறு, தகப்பனார் வேறு. இவர்களில் எந்த ரமேஷ் குமார் சந்தைத் தெரு ரமேஷ் குமார்?

பிறகு சீட்டில் இருந்த எண்ணைப் போட்டாள். மாநிலத்தையும் குறிப்பிட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது.

"அம்மா, எண் சரியாக இருக்கிறது. பெயரும் ரமேஷ் குமார்தான். இவர் உண்மையான டாக்டர்தான் போலிருக்கிறது" என்றாள் மகள்.

"அவசரப்படாதே. எந்த வருஷம் பதிவு செய்திருக்கிறார்?" என்று கேட்டாள் தாய்.

"1968."

தாய் விரல் விட்டு எண்ணினாள். "படிப்பு முடிக்கவே இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆகுமே. அப்படியானால் அந்த டாக்டருக்கு இன்று எண்பது வயதாவது இருக்க வேண்டும். நமக்கு ஊசி போட்டவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காதே!"

பெயர் ஒன்று. எண்ணும் பதிவேட்டில் உண்டு. ஆள் மட்டும் வேறு. அதே பெயருள்ள ஒரு மூத்த டாக்டரின் எண்ணை இவர் எடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது. பேரனை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். அங்கே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சரியான மருந்து கொடுத்தார்கள். குழந்தை தேறினான்.

கதை இத்துடன் முடியவில்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

விஷயம் ஊரில் பரவியது. "ரமேஷ் குமார் போலி டாக்டராம்" என்று பேசிக்கொண்டார்கள். அதே ஊரில் ரயில் நிலையச் சாலையில் இன்னொரு டாக்டர் ரமேஷ் குமார் இருந்தார். முறையாகப் படித்தவர். முறையாகப் பதிவு செய்தவர். இருபது ஆண்டுகளாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவரிடம் வரும் கூட்டம் குறைந்தது. சிலர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவர் என்ன தவறு செய்தார்? ஒரு தவறும் செய்யவில்லை. ஒரு பெயரை வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தெருவில் இருந்தவர்கள் ஒரு மனு எழுதினார்கள். "டாக்டர் ரமேஷ் குமார் போலி டாக்டர். நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதி, அந்தத் தாயிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் மனுவை முழுவதும் படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எந்த ரமேஷ் குமார் என்று இதில் இல்லையே. நல்லவரைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாவம் யாருக்கு?" என்றாள்.

மனுவைத் திருத்தி எழுதினார்கள். வைத்தியசாலை எந்தத் தெருவில் இருக்கிறது, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதிகளில் ஊசி போட்டார், சீட்டில் என்ன எண் எழுதிக் கொடுத்தார் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 1968 என்று இருப்பதையும் எழுதினார்கள். சீட்டின் நகலை இணைத்தார்கள். "ரயில் நிலையச் சாலையில் இருக்கும் டாக்டர் வேறு ஆள்" என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

மனு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரிக்குப் போனது. அதிகாரிகள் சந்தைத் தெருவுக்கு வந்தார்கள். பட்டத்தைக் கேட்டார்கள். காட்ட ஒன்றும் இல்லை. போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். ரயில் நிலையச் சாலை டாக்டரின் வாசலில் மறுபடியும் கூட்டம் வந்தது.

பதிவு இல்லாமல் டாக்டர் தொழில் செய்வது குற்றம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது? பதிவேட்டைப் பார்க்கும்போது ஐந்து விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, முழுப் பெயர். இரண்டாவது, பதிவு எண். மூன்றாவது, எந்த மாநிலக் கவுன்சில் கொடுத்த எண் என்பது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுத்து வந்திருக்கிறது. ஆகவே ஒரே எண் இரண்டு மாநிலங்களில் இரண்டு பேருக்கு இருக்கலாம். நான்காவது, பதிவு செய்த ஆண்டு. ஐந்தாவது, தகப்பனார் பெயரும் படிப்பும். ஐந்தும் பொருந்தினால் நம்பலாம். ஒன்று பொருந்தவில்லை என்றால் மேலும் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க வேண்டும் என்றுதான் சொல்லப்படுகிறது. உடனே போலி என்று முடிவு கட்டக் கூடாது. ஏன்? ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறார்கள். முகமது என்ற பெயரை நாலைந்து விதமாக எழுதுவது உண்டு. சிவகுமார் என்பதைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் பிரித்து எழுதுவார்கள். சில பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். பதிவேட்டில் பழைய பெயரே இருக்கலாம். புதிதாகப் பதிவு செய்தவரின் பெயர் தேசியப் பதிவேட்டில் ஏறத் தாமதம் ஆகலாம். அப்போது மாநிலக் கவுன்சிலிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவேடு அலோபதி டாக்டர்களுக்கு மட்டும்தான். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி வைத்தியர்களுக்கு வேறு பதிவேடுகள் இருக்கின்றன. பல் டாக்டர்களுக்கும் வேறு பதிவேடு இருக்கிறது. அவர்கள் பெயரை இதில் தேடிவிட்டு, இல்லை என்று சொல்வது தவறு.

பதிவு பெற்ற டாக்டரே தவறு செய்தால் யாரிடம் போவது? மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகாரின் மேல் 6 மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. குற்றம் உறுதியானால் பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ பதிவேட்டிலிருந்து நீக்கலாம். அந்தப் புகாரிலும் பதிவு எண்ணை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதே பெயருள்ள இன்னொருவர் மேல் சந்தேகம் விழும்.

டாக்டர்களுக்கு மட்டும்தான் இப்படியா? இல்லை. வக்கீல்களுக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் இருக்கிறது. மாநில பார் கவுன்சில் அவர்கள் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது. மருந்துக் கடைக்காரர்களுக்கு 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் இருக்கிறது. நர்சுகளுக்கு மாநிலக் கவுன்சில் இருக்கிறது. கணக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டர்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் ஓர் எண் உண்டு. நிலப் பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்கும் முன்பு அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சகோதர சகோதரிகளே! எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் அந்தத் தாய் பெயர்ப் பலகைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருப்பாள். படிக்கக் கற்றாள். பலகையைப் படித்தாள். சீட்டைப் படித்தாள். ஆண்டைக் கணக்குப் பார்த்தாள். அதனால் பேரன் பிழைத்தான். மனுவையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். அதனால் ஒரு நல்ல மனிதரின் பெயர் பிழைத்தது.

அடுத்த முறை மருந்துச் சீட்டு கைக்கு வரும்போது மருந்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே இருக்கும் பெயரைப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். சீட்டை வீட்டில் பத்திரமாக எடுத்து வையுங்கள்.