தரையில் இருந்தபடி ஒரு மிக்-21

(1979-ஆம் ஆண்டு அணியின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசுப்பா, ரிடையர் ஆனப்புறம் என்ன பண்றேன்னு சொல்லு" என்றார். மாடித் தோட்டம், காசி யாத்திரை, சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் போன தடவையே நண்பர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். நான் வீட்டில் போர் விமானம் ஓட்டுகிறேன்.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரில்தான். மாடியில் பழைய சாமான் அறையைக் காலி செய்து ஒரு பெரிய திரை, ஒரு ஸ்டிக், ஒரு த்ராட்டில், காலுக்கு ரட்டர் பெடல் என்று வைத்திருக்கிறேன். "அறுபத்தெட்டு வயசுல வீடியோ கேம் ஆடறாரு" என்று என் மனைவி சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

ஆசை பழையது. கடைசி வருடம் நம் விடுதியிலிருந்து இரண்டு பேர் விமானப் படைத் தேர்வுக்கு மைசூர் போனோம். ஒருவன் நான். இன்னொருவர் பக்கத்து அறை, 17-ஆம் நம்பர்க்காரர். இரண்டு பேருமே தேர்வில் தேறினோம். மருத்துவப் பரிசோதனையில் என் கண் என்னைக் கைவிட்டது. அவர் விமானியானார், நான் மின்சாரத் துறைக்குப் போய் டிரான்ஸ்பார்மர்களோடு 34 வருடம் குடித்தனம் நடத்தினேன்.

அவர் ஓட்டியது மிக்-21. நான் வீட்டில் ஓட்டுவதும் அதுதான். டி.சி.எஸ். என்று ஒரு சிமுலேட்டர் உண்டு. அதற்காக 2014-இல் மிக்-21பிஸ் விமானத்தை உருவாக்கி வெளியிட்டார்கள். ஒரு சாவியைத் திருகினால் கிளம்பிவிடும் பொம்மை என்று நினைக்காதீர்கள். பேட்டரி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், எரிபொருள் பம்புகள் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வரவேண்டும். ஒன்றை மறந்தாலும் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். முதல் முறை என்ஜினைக் கிளப்பவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

இந்த விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இறக்கை முக்கோணம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வெறும் 7.15 மீட்டர், நம் விடுதிச் சாப்பாட்டு மேசைகள் மூன்றை வரிசையாகப் போட்டால் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். பிஸ் ரகத்தின் ஆர்-25 என்ஜின் சாதாரணமாக 4,100 கிலோ உந்துவிசை தரும். ஆஃப்டர்பர்னர் போட்டால் 7,100 கிலோ. தாழ்வான உயரத்தில் அவசரத்துக்கென்று தனி ஏற்பாடு உண்டு. மூன்று நிமிடம் மட்டும் 9,900 கிலோ வரை தரும். அதைப் போட்டதும் திரையில் வேகமுள் ஓடுவதைப் பார்த்து, உட்கார்ந்த நாற்காலியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி இருந்தது மொசைக் தரையில்!

நம் படைக்கு இது 1963-இல் வந்தது. பிறகு நாசிக்கில் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையிலேயே செய்தார்கள். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையின் மேல் ராக்கெட் வீசியவை மிக்-21 விமானங்கள்தான். அன்றே கிழக்கு பாகிஸ்தான் ஆளுநர் ராஜினாமா செய்தார். நாமெல்லாம் அப்போது பள்ளிக்கூடத்தில் ரேடியோவைச் சுற்றி நின்றிருந்தோம்.

கிளம்புவது எளிது. இறங்குவதுதான் பாடு. சின்ன இறக்கை என்பதால் தரையைத் தொடும்போதே மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். போதாததற்கு, என்ஜினிலிருந்து காற்றை எடுத்துப் பின்பக்க மடிப்புகளின் மேல் ஊதி, இறக்கைக்குக் கூடுதல் தாங்குவிசை கொடுக்கிறார்கள். நம் பஸ் டிரைவர் ஸ்டாப் வந்தால் ஆக்ஸிலரேட்டரை விடுவார் இல்லையா? இங்கே அவசரப்பட்டு விட்டால் ஊதும் காற்று போய்விடும். காற்றுப் போனால் தாங்குவிசை போய்விடும். விமானம் கல் மாதிரி விழும். எனக்கு 23-ஆவது தடவைதான் முழுசாக இறங்க வந்தது. அதற்கு முன் 22 தடவை செத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பொத்தானை அமுக்கி, மறுபடி கருங்கடல் ஓரத்து பட்டூமி விமான தளத்தில் உயிரோடு எழுந்தேன்.

இனி சொல்லப்போவதை 17-ஆம் நம்பர்க்காரரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். விமானப் படைத் தளபதியே ஓட்டினார். 62 வருட சேவை முடிந்தது. அன்று நண்பர் என் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் டி.வி.யில் பார்த்தோம். விமானங்கள் வந்து நின்றதும் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவிதான், "அண்ணா, மாடியில இவரு ஒண்ணு வச்சிருக்காரு, போய்ப் பாருங்க. மனசு லேசாகும்" என்று அனுப்பி வைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். காக்பிட் திரையில் வந்தது. அந்தப் பச்சை கலந்த நீல நிறத்தைப் பார்த்ததும் மூச்சை ஒருமுறை இழுத்து, "வாசனை இல்லையேடா" என்றார். முகப்புப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். நான் அதை ஏதோ அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அவர் திரையிலேயே விரலை வைத்து அந்தக் கோட்டைத் தடவினார். "சுழல ஆரம்பிச்சா எது மேல எது கீழன்னு தெரியாது. அப்ப ஸ்டிக்கை நேரா இந்தக் கோட்டைப் பார்த்துத் தள்ளணும். உயிர்க் கோடுடா இது" என்றார்.

கிளப்பினார், ஒரு வட்டம் போட்டார், இறங்கினார். முதல் தடவையே. பின்னால் பாராசூட் விரிந்தது. ஸ்டிக்கில் உள்ள பிரேக் பிடியை அமுக்க, புஸ்ஸென்று காற்றுச் சத்தம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அவர் கேட்டார்: "இறங்கி வரும்போது என்ஜினை அணைக்க முடியுமா?"

அவரோடு பயிற்சியில் இருந்த ஒருவர், தரையிறங்க வரும்போது என்ஜின் நின்று, ரன்வேக்கு முன்னாலேயே விழுந்து இறந்துபோனார். சரியாகக் கையாளவில்லை, மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கி இழுத்து வந்திருக்கலாம் என்று அப்போது சிலர் பேசிக்கொண்டார்களாம். நண்பரும் அதை மறுத்துப் பேசவில்லை. "நான் வாயை மூடிட்டு இருந்தேன்டா. முப்பத்தேழு வருஷமா அதுதான் அறுக்குது" என்றார்.

ரன்வேக்கு நாலு கிலோமீட்டர், உயரம் முந்நூறு மீட்டர். சக்கரம் இறங்கியிருக்கிறது. என்ஜினை அணைத்தார். முதல் தடவை மூக்கைத் தூக்கிப் பிடித்தார். வேகம் செத்து, இறக்கை சரிந்து விழுந்தது. இரண்டாம் தடவை வேகம் போகாமல் மூக்கைத் தாழ்த்தினார்; தரை இன்னும் சீக்கிரம் வந்தது. மூன்றாம் தடவை சக்கரத்தை உடனே மடக்கச் சொன்னார், மடக்கினேன். அப்போதும் எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் அந்த இரண்டு பொத்தானை அமுக்க, விமானம் மறுபடி முழுசாக வந்து நின்றது. மொத்தம் ஒன்பது தடவை. ஒருமுறைகூட ரன்வேயைத் தொட முடியவில்லை.

"யாராலயும் முடியாதுடா" என்றார்.

நான் என்ஜினீயர் புத்தியோடு, "இது கம்ப்யூட்டர்தானே, நிஜ விமானம் இதே மாதிரிதான் இருக்கும்னு சொல்ல முடியாதே" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் கோபப்படவில்லை. "தெரியும். நான் கோர்ட்டுக்குப் போகப் போறதில்லை. அவன் வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும், அவ்வளவுதான்" என்றார். அன்று ராத்திரியே பண்ணினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தேன். 2012-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் அந்த வருடம் ஏப்ரல் வரை 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் இறந்தார்கள். மிக்-21 மட்டுமல்ல, எல்லா மிக் ரகங்களும் சேர்ந்த கணக்கு. காரணமும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கிரண் என்ற வேகம் குறைந்த பயிற்சி விமானத்திலிருந்து இதற்கு ஏறிய பையன்கள் எத்தனையோ பேர். இடையில் பழகுவதற்கான ஹாக் விமானம் 2008-இல்தான் படையில் சேர்ந்தது. டி.வி.எஸ். 50 ஓட்டிய பையனை நேராக ரேஸ் பைக்கில் உட்கார வைத்த கதைதான்.

"பறக்கும் சவப்பெட்டி" என்று நானும் எத்தனையோ தடவை பேப்பர் படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறேன். நண்பருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "அது நல்ல குதிரைடா. மன்னிக்காத குதிரை" என்பார். இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. நான் இன்றும் தினமும் மாலை ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். சந்தோஷமாகத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அந்த இரண்டு பொத்தானை அமுக்கும்போது மட்டும் கை ஒரு விநாடி நிற்கிறது. என் வயதில் பாதிகூட ஆகாத பையன்கள் உட்கார்ந்த இருக்கையில் அந்தப் பொத்தான் கிடையாது.

அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் 17-ஆம் நம்பர்க்காரர். எழுந்து நிற்கச் சொன்னால் என்னை உதைப்பார். உட்கார்ந்தபடியே நம் கைத்தட்டலை வாங்கிக்கொள்ளட்டும். அதில் பாதி, அவரோடு பயிற்சியில் இருந்த அந்தப் பையனுக்கு.

நண்பர்கள் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். விமானம் தயாராக இருக்கிறது. காபிக்கும் குறைவில்லை. மாப்பிள்ளை வந்திருக்கும் நாளாக மட்டும் பார்த்து வராதீர்கள்.