ரவுட்டர் வாங்கும் முன்

 

உதவித்தொகை விண்ணப்பம் போட வரும் பிள்ளைகள் பலர், "வீட்டில் நெட் வரவில்லை" என்று நம்மிடம் சொல்கிறார்கள். பெற்றோரும் புது ரவுட்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். அதில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், லைனே வீட்டுக்கு வந்து சேரவில்லை. நம் வண்டலூர்த் தெருவில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்திருக்கலாம். அதற்குப் புது ரவுட்டர் என்ன செய்யும்? கம்பெனியில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

விளக்கு சரியாக இருந்தால், லேப்டாப்பை லேன் வயரில் செருகிப் பாருங்கள். வயரில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் திணறினால்தான் ரவுட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதையும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோமே, வெளியே எடுங்கள்! 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் தடுமாறும். உள் அறைக்கு 2.4 போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதிலும் போடுங்கள். எல்லா செல்போனும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பழைய பெட்டி கம்பெனியுடையது என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடைசி நாளில் நெட் போனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். அந்த வசதியும் இல்லாத பிள்ளைகளை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் உடன் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம்.